மருத்துவச்சியின் முகம்

கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தங்கள் முகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் இந்த அறைக்குள் வந்ததிலிருந்து கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். பிரேம் பெரிது என்று கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். பிரேம் சரிதான். உங்கள் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான். கம்பியை லேசாகச் சூடு காட்டி வளைத்தால் நிற்கும். பிறகு கொடுங்கள், செய்து தருகிறேன்.

எனக்கு வலப்பக்கம் தெரிகிற காது உங்களுக்கு இடது காது. எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் இதில்தான் தடுமாறுவார்கள், வலது கண்ணுக்கான அளவை இடது பக்கம் குறித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் தடுமாறியதே இல்லை. எதிரே ஒரு முகம் தெரிந்தால் இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி மனதில் வைத்துக்கொள்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

விளையாட்டில் இருந்த அந்த மருத்துவச்சியை உருவாக்கியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். கடைசியாக என் தங்கையின் கணவர் பேசிக்கொண்டிருந்தது என்னிடம்தான். எதையும் மறைக்கப்போவதில்லை, வரிசையாகவே சொல்கிறேன்.

என் தங்கைக்கு இழுப்பு இருந்தது, சின்ன வயதிலிருந்தே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு மூச்சு முட்டியது. உறிஞ்சும் மருந்து கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எடுக்க முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. பக்கத்து அறையில் அவள் கணவர் இருந்தார். தண்ணீர் குடித்த தம்ளரால் சுவரைத் தட்டியிருக்கிறாள். எவ்வளவு நேரம் தட்டினாள் என்று எனக்குத் தெரியாது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது, தம்ளரின் விளிம்பு நசுங்கியிருந்தது. அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒரு கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காதுல மாட்டியிருந்தேன்க்கா. எதுவுமே கேக்கல," என்றார் என்னிடம். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். பாவம், சின்ன வயசு, இப்படி ஆகிப்போச்சே என்று அவர் முதுகைத் தடவினார்கள். நான் வாயைத் திறந்தபோது அம்மா என்னை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். "மாப்பிள்ளைய ஒண்ணும் கேக்காதடி. அவரே நொந்து போயிருக்காரு." நான் கேட்கவில்லை. அந்தத் தம்ளரை மட்டும் என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், அவருக்குக் குழம்பு கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. கதவு திறந்துதான் கிடந்தது. அவர் அதே நாற்காலியில், அதே ஹெட்போனோடு, அதே கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் குழம்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. அவரை நான் அன்றைக்குத்தான் முழுதாக வெறுத்தேன். அதற்கு முன் இருந்தது வெறும் கோபம்.

திரையில் இருந்த விளையாட்டின் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அரசர்கள், குதிரைகள், வாள்கள் என்று பழங்காலத்து உலகம் அது. உள்ளே போகுமுன் நீங்கள் யார் என்பதை நீங்களே செய்துகொள்ள வேண்டும். எல்லாரும் அழகாக ஒருத்தியையோ முரடனாக ஒருவனையோ அவசரமாகச் செய்துவிட்டுச் சண்டைக்கு ஓடுவார்களாம். நான் அவசரப்படவில்லை. கண்களுக்கு நடுவில் எவ்வளவு இடம், மூக்குத்தண்டு எவ்வளவு மேடு, தாடை எங்கே குறுகுகிறது எல்லாவற்றையும் நகர்த்தி நகர்த்தி வைக்கலாம். என் தொழிலே அதுதானே. என் தங்கையைச் செய்தேன். படம் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு எதற்குப் படம்? ஒரு காலில் பாரம் போட்டு நிற்பாள், அப்படியே நிற்க வைத்தேன். கடைசியாக வலது புருவத்துக்கு மேலே அந்த மச்சம். அதை வைத்த பிறகு என்னால் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்க முடியவில்லை.

ஏன் அவள் முகம் என்றால், அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தேன். கட்டின மனைவியின் முகம் கண்ணெதிரே வந்து நின்றால் தெரிகிறதா பார்ப்போம் என்று. தெரிந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் நான் விலகிப் போயிருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு குணங்களுக்குப் புள்ளி கொடுக்க வேண்டும். பலம், வேகம், புத்தி, பொறுமை என்று இருந்தன. எல்லாவற்றையும் பொறுமைக்கே கொடுத்தேன். பொறுமை அதிகமுள்ள மருத்துவச்சியால் அடிபட்ட வீரனுக்குப் பக்கத்தில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார முடியும். ஆனால் யாருமே முதல் நாளிலேயே மருத்துவச்சி ஆகிவிட முடியாது. எலி அடித்துத்தான் தொடங்க வேண்டும். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சோற்றை ஒரு கையால் அள்ளிக்கொண்டு, மறுகையால் எலி அடித்தேன். மூலிகை பறித்தேன். பன்றி துரத்தி ஓடினேன், பலமுறை செத்தேன். கட்டுப் போடவும் காய்ச்சல் இறக்கவும் எலும்பு சேர்க்கவும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்தக் கூத்து?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தேறிய பிறகு அவருடைய படை தங்கும் ஊருக்குப் போனேன். அவர் அங்கே தளபதி, வெள்ளைக் குதிரை வேறு. என் மருத்துவச்சியின் முன்னால் வந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். இணையம் படுத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஹெட்போனில் குரல் வந்தது.

"எங்க படைக்கு வர்றீங்களா?"

அவ்வளவுதான். அழவில்லை, யார் நீ என்று கேட்கவில்லை. படைக்கு ஆள் எடுத்தார். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மைக் கெட்டுவிட்டது என்று எழுதினேன். அவர் பேசுவார், நான் எழுதுவேன். மற்றவர்களை எல்லாம் வாடா போடா என்பவர், என்னை மட்டும் நீங்க, வாங்க என்பார். பெண் பெயரைப் பார்த்ததும் பெரிய மனுஷன் வேஷம் போடுகிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தது எனக்கு முன்பே தெரியும். வேளைக்கு மாத்திரை போட வேண்டும், நடக்க வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படையில் கொல்லன் என்று ஒருவர் உண்டு. நிஜத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனிதர். "தளபதி, எந்திரிச்சுக் கொஞ்சம் நடடா. ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், கெளம்பு," என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். முதலில் அவரைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தளபதி உங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார் தெரியுமா என்று கொல்லனுக்கு எழுதினேன். கொல்லன் உங்கள் பதவிக்குக் குறி வைக்கிறார் என்று இவருக்கு எழுதினேன். கோள் மூட்டுவதற்கு மருத்துவச்சியைவிடத் தோதான ஆள் கிடையாது, எல்லாருடைய கட்டிலுக்குப் பக்கத்திலும் அவள் உட்கார்ந்திருப்பாள். கொல்லன் போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. டாக்டரிடம் போகிற நாளை அவரே சொல்வார். அன்றைக்குத்தான் முற்றுகை போட வேண்டும், விட்டால் கோட்டை கைவிட்டுப் போகும் என்று நான் எழுதுவேன். "டாக்டர்ட்ட போகணும்... சரி, பரவால்ல. நீங்க கூப்பிட்டா வராம இருக்க முடியுமா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்பார். அடுத்த மாதமும் கோட்டை இருக்கும். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், வீட்டிலேயே வேலை. அதையும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். முதலில் பாலத்தைப் பிடிப்போம் என்று எழுதினேன். அவரை யாரும் கட்டிப்போடவில்லை ஐயா. கதவு திறந்துதான் கிடந்தது.

அன்றைக்கு எங்கள் கடைக்கு விடுமுறை. காலை வெயில் என் மேசைவரை வந்திருந்தது. பாலத்தின் நடுவில் அவர் குதிரை நின்றுவிட்டது. "வலிக்குது," என்றார். குதிரைவீரனுக்கு என்று நினைத்து மூலிகையை எடுத்தேன். "இல்ல, நெசமாவே வலிக்குது. யாரையாவது அனுப்புங்க. கையத் தூக்க முடியல." மூச்சு இழுத்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரிந்த சத்தம்தான். அப்புறம் மேசையில் எதையோ தட்டினார். டொக், டொக் என்று.

தட்டுகிற சத்தம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். அவர் மாட்டியிருந்ததால் கேட்கவில்லை, நான் கழற்றியதால் கேட்கவில்லை. அந்த நசுங்கிய தம்ளரில் தண்ணீர் பிடித்து, உட்கார்ந்து குடித்தேன். கொல்ல வேண்டும் என்றே செய்தேன், சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முற்றுகைகளை அவர் பதிவு செய்து வைப்பார் என்பது எனக்குத் தெரியாது. நான் கழற்றிய பிறகு அவர் பேசியதை நீங்கள் இப்போது போட்டுக் காட்டினீர்கள்.

"அக்கா... நீங்கதான்னு தெரியும்க்கா. மொத நாளே தெரியும். தண்டிங்க, பரவால்ல... தினமும் அவள கண்ணால பாத்தேன்ல, அது போதும்... மச்சம் மட்டும்... அவளுக்கு இடது பக்கம்க்கா."

வலியில் உளறியிருக்கிறார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைவி செத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு மச்சத்தைப் பற்றி என்ன தெரியும்? அவளுடைய அந்தப் புகைப்படத்தை நீங்கள் என் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. அவள் முகம் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கல்யாணத்தன்று காலைவரை ஒருநாள் விடாமல் பார்த்திருக்கிறேன் ஐயா, அவளுக்குப் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டே, அலமாரிக் கண்ணாடியில்.