வெண்டலின் கடைவாய்ப்பல்

வட்டமான வீட்டில் அலமாரியை எங்கே வைப்பீர்கள் என்று இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தீர்கள், மேடம். சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தால் போதும். பின்னால் விழுகிற இடுக்கில் வெண்ணெய் கெடாமல் இருக்கும்.

இந்த யர்ட் கூடாரத்தில் எங்களுக்கு இது ஐந்தாவது குளிர்காலம். மரச்சட்டம், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் தார்ப்பாய், அவ்வளவுதான் வீடு. வெளியே எச்சில் தரையில் விழுவதற்குள் உறைந்தாலும், அடுப்பில் விறகு எரிந்தால் உள்ளே ஒற்றைச் சட்டையோடு உட்காரலாம். மின்கம்பி கிடையாது, குழாய் கிடையாது. ஆற்றின் பனிக்கட்டியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறோம். சாலைக்குப் போக உறைந்த ஆற்றின்மேல் பனி வண்டியில் அரை நாள் ஆகும்.

இங்கே வரலாம் என்றது என் கணவர் வெண்டல்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஓஹையோவில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், சன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். "வா ஆர்டி, அலாஸ்கா போயிடலாம். வானத்தைப் பாத்துக்கிட்டே தூங்கலாம்" என்றார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு ஊர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை ஃபேர்பேங்ஸ் நகரில் ஒரு கடைக்குள் மூச்சே விட முடியாமல் போய், வெண்டல்தான் என்னைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அப்புறம் நான் போகவே இல்லை.

இந்த இலையுதிர்காலத்தில் அவருடைய மகள் கோரினுக்குக் குழந்தை பிறந்தது. கோரின் அவருடைய முதல் மனைவியின் பெண்.

"முட்டி போச்சு ஆர்டி. விறகு பொளக்க முடியல. கோரின் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நீயும் வந்துடு."

"நான் வரமாட்டேன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அதான் இத்தனை நாளா வாயத் தொறக்கல."

சண்டை ஒன்றும் இல்லை. ஆற்றுப்பனி உடையும் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் மனசு மாறிவிடும் என்று நான் நினைத்தேன்.

ஜனவரியில் அவருக்குக் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன், உப்புநீரில் கொப்பளிக்க வைத்தேன். தாடை வீங்கியது. ஒரு காலையில் பூட்ஸைத் தேடி எடுத்தார்.

"டவுனுக்குப் போயிப் பல்லப் புடுங்கிட்டு, அப்படியே கோரின் வீட்டுலயே இருந்துடறேன் ஆர்டி. ஆத்துப்பனி ஒடைஞ்சதும் வந்து சாமானை எடுத்துக்கறேன்."

சாமான் என்றார். வலியில் உளறவில்லை, யோசித்துத்தான் சொன்னார்.

கொஞ்சம் படுத்திருந்துவிட்டுக் கிளம்பு என்றேன். அவர் கண்ணயர்ந்ததும் பனி வண்டியின் பெல்ட்டைக் கழற்றினேன். ரப்பர் பெல்ட்தான், கழற்றுவது பெரிய வேலை இல்லை. மாற்று பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு போய், இரண்டையும் தண்ணீர் எடுக்கும் துளையில் போட்டேன். அவர் எழுந்ததும், குளிரில் பெல்ட் அறுந்துபோச்சு, மாற்று பெல்ட்டும் வெடித்துக் கிடக்கிறது என்றேன். நம்பினார். அதுவரை நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை, அதனால்தான்.

எங்களிடம் ஒரு செயற்கைக்கோள் கருவி இருக்கிறது. உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மீட்பு ஹெலிகாப்டர் வரும். வெள்ளைப் பொத்தானை அமுக்கினால் 'எல்லாம் நலம்' என்று கோரினுக்குச் செய்தி போகும். தினமும் சாயங்காலம் வெள்ளையை அமுக்குவது வழக்கம். அன்று வெண்டல் சிவப்பை அமுக்கச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியைக் கைக்குள் மறைத்துப் பிடித்து, வெள்ளையை அமுக்கினேன். பச்சை விளக்கு மினுங்கியது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அழுதுவிட்டார். நான் சொன்னது பொய் இல்லை, மேடம். ஒரு செய்தி போனது உண்மைதானே.

அப்புறம் அவர் காத்திருந்தார். வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. நாக்கு மேலெழும்பி வாயை மூட முடியாமல் போனது. "சத்தம் கேக்குதா?" என்பார். காற்று என்பேன். மலைக்கு அந்தப் பக்கம் பனிப்புயல், அது ஓய்ந்ததும் வந்துவிடுவார்கள் என்பேன். தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன், கரண்டியால் சூப் புகட்டினேன். எந்த நர்சும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்க மாட்டாள். நான் எழுந்தால்கூட என் கையை விடமாட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவை நல்ல நாட்கள் என்றுதான் சொல்வேன்.

அப்போதுதான் லெஸ்டர் வந்தான். ஆற்றின் கீழ்ப்பக்கம் பொறி வைத்து வேட்டையாடுகிறவன். எனக்கு முன்னால் வெண்டலுக்குத்தான் எஞ்சின் சத்தம் கேட்டது. அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் சொல்ல முடியாது. நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"என்னம்மா ஆர்டித், ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா?"

"பொகை வருதுல்ல. இருக்கோம்."

"எங்க அந்தக் களவாணி? போன தடவை சீட்டுல என்னை மொட்டையடிச்சு அனுப்பினான். இன்னிக்கு விடறதா இல்ல."

"காய்ச்சல்ல தூங்கறார். உள்ள வராத, ஒனக்கும் ஒட்டிக்கும்."

உள்ளே டங், டங் என்று கேட்டது. அடுப்பின் புகைக்குழாயில் கரண்டியால் தட்டுகிறார். கத்தத்தான் தொண்டை இல்லையே.

"அது என்ன சத்தம்?"

"கெட்டில். மூடி ஆடுது."

"ஒங்க வீட்டுக் கெட்டில்கூட தாளம் போடுதே" என்று சிரித்தான். "ரோட்டுக்குத்தான் போறேன். ஏதாச்சும் வேணுமா? டாக்டர்கிட்ட சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம் லெஸ்டர். சளிதான்."

காய்ந்த மூஸ் மான் இறைச்சி கொஞ்சம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். அவன்மேல் தப்பே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் தேய்ந்து மறையும் வரை கரண்டி தட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளே போனேன். வெண்டல் என்னைப் பார்த்தார். கரண்டியை வாங்கிக் கழுவி, சூப்பை ஆற்றிக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் மத்தியானம், கூரை உச்சியில் இருக்கிற கண்ணாடி வழியாக வெளிச்சம் கட்டில்மேல் விழுந்த நேரத்தில், மூச்சு நின்றது. போர்வையில் சுற்றி விறகுக் கொட்டகையில் கிடத்தினேன். அங்கேதான் நீங்கள் பார்த்தீர்கள்.

அன்று சாயங்காலமும் வெள்ளைப் பொத்தானை அமுக்கினேன், அதற்குப் பிறகும் தினமும். லெஸ்டர் ஊரில் கோரினைப் பார்த்து, அப்பாவுக்குக் காய்ச்சல் தேவலையா என்று விசாரிக்காமல் இருந்திருந்தால், நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள்.

பெல்ட்டைக் கழற்றியது நான். சிவப்பை அமுக்காமல் இருந்தது நான். லெஸ்டரை அனுப்பிவைத்தது நான். ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், அப்போதும் தெரிந்திருந்தது. வாக்குமூலத்தில் இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவரை நான் அடைத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். நீங்களே பாருங்கள், எங்கள் கதவுக்குப் பூட்டே கிடையாது. என்னை விட்டுப் போகவேண்டும் என்று அவர் மனசார நினைத்திருந்தால், எழுந்து போயிருப்பார்.