மூடி வச்ச சொம்பு

– கதவத் தெறக்காத தம்பி… கொஞ்சம் இரு.

– என்னண்ணி? விடிஞ்சதும் தெறக்கணும்னு நேத்து நீங்கதானே ஒத்தக்கால்ல நின்னீங்க?

– நின்னேன். இப்பக் காலு நிக்கமாட்டேங்குது.

– உக்காருங்க. உள்ள இருக்கறது அண்ணனுக்கு வச்ச படையல். புலியா இருக்கு?

– புலின்னா ஓடிப்போயிடலாம். இது அவரு.

– அவரு செத்து எட்டு நாளாச்சு அண்ணி.

– எட்டாம் நாள் ராத்திரி வந்து சாப்பிட்டுப் போவாங்கன்னுதானே பிரிக்ஃபீல்ட்ஸ் லயன் வீடு பூரா படைக்குது? கருவாட்டுக் குழம்பு, கள்ளு, சுருட்டு… எல்லாம் வச்சேன். தண்ணியும் வச்சேன்.

– சொம்பு நெறைய வச்சோம். நான்தானே தட்டுப் போட்டு மூடினேன்.

– உசுரோட இருந்தப்பல்ல குடுத்திருக்கணும். "ஒரு வாய் தண்ணி வீரம்மா"ன்னு கெஞ்சினாரு. ரயில்வேல இரும்பத் தூக்கின மனுசன், கையெடுத்துக் கும்பிட்டாரு தம்பி. நீதான் கூடாதுன்னே.

– ஒடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கெடந்தாரு. தண்ணி குடுத்தா நெஞ்சுக்கு ஏறிடும்னு வெள்ளைக்கார டாக்டர் சொன்னாரு. நான் ஆஸ்பத்திரியில டாக்டருக்கு ஒத்தாசை பண்ற டிரெசர். எனக்குக் கத்துக்குடுத்ததத்தானே நான் சொல்ல முடியும்?

– அதக் கேட்டுத்தான் ஈரத்துணியால உதட்ட மட்டும் தொடச்சேன். அந்தத் துணியச் சப்பினாரு… பச்சப்புள்ள மாதிரிச் சப்பினாரு.

– போதும் அண்ணி…

– கடைசிப் பாலும் உள்ள எறங்கல. போகும்போது பாத்தாரு பாரு ஒரு பார்வை, 'இருடி, வரேன்'ங்கற மாதிரி! பைப்படியில பொம்பளைங்க என்ன பேசறாங்க தெரியுமா? தம்புசாமிய அவன் பொண்டாட்டியே தவிக்கவிட்டுக் கொன்னுட்டாளாம்.

– அவங்களுக்கு வேற வேலை இல்ல.

– அந்தத் தாகம் அங்கயும் இருக்குமா தம்பி? அத மட்டும் சொல்லு. நீ படிச்சவன்தானே?

– அங்கன்னு ஒண்ணு இருந்தாத்தானே! செத்தவங்கள அறுக்கும்போது கூடவே நின்னிருக்கேன். நெஞ்சு, ஈரல், கொடல் எல்லாம் பாத்தாச்சு. உசுருன்னு ஒண்ணு எங்கயும் தட்டுப்படல.

– நீங்க கத்தியத் தூக்கறதுக்குள்ள அது வெளிய போயிருக்கும்லா. தாகத்தோட போன உசுரு வாசல்லயே நிக்கும்னு பண்டாரம் சொல்றாரு. பக்கத்து வீட்டு வேதக்காரி மகதலேனா, உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வெந்துட்டுத்தான் மேல போகும்ங்குது. மலாய்க் கம்பத்து மந்திரவாதி போமோ கறுப்புக் கோழி கேக்குறான்.

– எல்லாரும் நேர்ல போய்ப் பாத்துட்டு நேத்து ரயில்ல திரும்பின மாதிரி பேசுவாங்க. அதுக்குத்தானே அண்ணி இந்த ஏற்பாடு! சொம்புல ஓட்டை இல்லன்னு தண்ணி ரொப்பி வச்சுப் பாத்தாச்சு. பூனை, எலி வராம சன்னல அடைச்சாச்சு. தரையெல்லாம் சாம்பல் சலிச்சுத் தூவியாச்சு. ஒரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. விடியறவரைக்கும் தொடமாட்டோம்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியாச்சு. தண்ணி கொறைஞ்சிருந்தா அவரு இருக்காரு. கொறையலன்னா இல்ல. அவ்வளவுதான்.

– கொறைஞ்சிருந்தா… நம்மளச் சும்மா விடுவாரா?

– கிள்ளான் ரயிலு போயிருச்சு, எனக்கு நேரமாச்சு. என் பின்னாலயே வாங்க.

– மெதுவா… மெதுவாத் தெற.

– தெறந்துட்டேன். … அண்ணி!

– என்னடா? என்ன? பேசேன்!

– சாம்பலப் பாருங்க. காலடி.

– முருகா!

– இருங்க, சொம்பத் தூக்கறேன்… காலி! ஒரு சொட்டு இல்ல. வந்திருக்காரு அண்ணி. வயிறாரக் குடிச்சிருக்காரு. என் படிப்பு தோத்துப்போச்சு, ஒத்துக்கறேன். அவரு தாகம் தீந்துருச்சுல்ல? இனியாவது நீங்க ஒரு வாய் கஞ்சி குடிங்க. … எதுக்கு இப்படிக் குனிஞ்சு சாம்பலையே பாக்குறீங்க?

– இங்க வா. என் கண்ணப் பாரு. இது யாரு காலு?

– அண்ணன் காலு. வேற யாரு…

– அவரு காலு வீங்கிப் பலகையா இருந்துச்சு. இது ஒல்லிக்காலு.

– செத்த பொறகு வீக்கம் வத்தாதா?

– சபாபதி! உன் புள்ள தலையில கைய வச்சு இதையே சொல்லு.

– புள்ளைய இழுக்காதீங்க அண்ணி…

– அப்ப நீ உள்ள போயிருக்கே.

– போனேன். கோழி கூவற நேரத்துல போனேன். நான்தான் குடிச்சேன், நான்தான் கால வச்சேன். இத்தன நாளா பட்டினி கெடக்குறீங்க, பாக்க முடியல. உங்களுக்கு ஒரு நிம்மதி கெடைக்கட்டும்னு… எனக்கும்தான். குடுக்காதன்னு சொன்னவன் நான்தானே? அந்தத் தண்ணி என் தொண்டையில எறங்கவே இல்ல அண்ணி.

– நீ குடிக்கறதுக்கு முன்னாடி… சொம்பு எப்படி இருந்துச்சு?

– தளும்பத் தளும்ப இருந்துச்சு. மூடின தட்டு மூடினபடி. சாம்பல்ல ஒரு கீறல் இல்ல. யாரும் வரல அண்ணி, வரவும் மாட்டாங்க. இதவிட என்ன சாட்சி வேணும்? நீங்க பயப்படவே வேணாம்.

– தளும்பத் தளும்பவா…

– ஆமா. தூக்கினதும் கையில சிந்துச்சு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? அண்ணி… சொல்லித் தொலைங்க!

– எங்கிட்டயும் ஒரு சாவி இருந்துச்சுல்ல தம்பி? மனசு கேக்கல, உனக்கு முன்னாடியே, நடுராத்திரியில நானும் போனேன். நீ சலிச்ச சாம்பல் அப்படியே கெடந்துச்சு. தட்டும் மூடினபடியே இருந்துச்சு. தெறந்து பாத்தா… சொம்பு காஞ்சு கெடக்குது. பதறிப்போய்ட்டேன். ஆனா, இன்னும் தாகமா இருப்பாரேன்னுதான் தோணுச்சு. மறுபடி ரொப்பி வச்சு, என் காலடி தெரியாம சாம்பலத் தூவிட்டு வந்தேன். இன்னொரு வாய் அவரு குடிக்கட்டும்னு நான் வச்ச அந்தத் தண்ணியத்தான்… நீ குடிச்சுட்டே.