மூலையில் கொட்டிய மை

வரும் சீசனில் நம் கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கு வாய்ப்பு எப்படி என்று ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது, கிரிக்கெட் செக்ரட்டரி என்ற முறையில், வருஷா வருஷம் என் வேலை. பதினோரு வருஷமாக எழுதுகிறேன். பதினோரு தடவையும் "வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது" என்றுதான் எழுதினேன். பத்துத் தடவை தோற்றோம். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் காபி குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர்கள், "என்ன ஓய், இந்த வருஷமும் நன்றாகவே இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எரியும்.

இந்தத் தடவை நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள், சங்கரன் சார். ஒன்று, வழக்கமான அந்தப் பக்கம். மற்றது, நம்பிராஜன் விஷயத்தில் நடந்தது என்ன என்று வைஸ் பிரின்ஸ்பால் என்ற முறையில் உங்களுக்கு ஒரு விளக்கம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. சேர்த்தே எழுதுகிறேன். மலருக்கு வேண்டியதை நீங்களே வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்பிராஜனை நான்தான் கண்டுபிடித்தேன். தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால், கழிவுத் தோலைச் சுருட்டி நூல் சுற்றிய பந்தை வைத்துக்கொண்டு வீசிக்கொண்டிருந்தான். பத்தடி ஓடிவந்து வீசுவான். பந்து தரையில் பட்டதும் என்ன செய்யும் என்று அடிப்பவனுக்கும் தெரியாது, பார்க்கிற எனக்கும் தெரியாது. முனிசிபல் பள்ளியில் இந்தியில் படித்து மெட்ரிக் தேறியிருந்தான். ஹெட்கிளார்க் என்ற முறையில் அவனைக் கல்லூரியில் சேர்க்க என்னென்ன செய்ய வேண்டுமோ செய்தேன். அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அவன் அப்பா கொட்டகையில் வேலை பார்த்து இருமியே செத்தவர். அதன் பிறகு தாய் ஆறுமுகத்தாய், நாங்குநேரிப் பக்கம் தன் தம்பி பிச்சையா வீட்டோடு போய்விட்டாள். பையன் மட்டும் தாராவியில், பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் போடும் சோற்றில் இருந்தான். அந்தப் புகையும் நாற்றமும் பந்து வீசுகிற நெஞ்சுக்கு ஆகாது. எனவே செம்பூரில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். என் மனைவி கோமதியம்மாள் தினம் அவனுக்கு இரண்டு முட்டை வேகவைத்தாள். எங்கள் வீட்டுச் சட்டியில் முட்டை வெந்தது அதுதான் முதல் தடவை. அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவன் தாய்க்கு எழுத்தே தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் தம்பி பிச்சையா கார்டில் எழுதிக் கல்லூரி விலாசத்துக்குப் போடுவார். தபால் என் மேஜைக்கு வரும். நான் அவனை அழைத்து வாசித்துக் காட்டுவேன். அவன் சொல்லும் பதிலை நானே எழுதித் தபாலில் போடுவேன். வாசித்து முடித்ததும் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அடுத்த கார்டு வரும்வரை அது பையிலேயே இருக்கும். அம்மா கூட இருக்கிற மாதிரி இருக்கிறதாம். ஒரு வருஷம் இப்படித்தான் நடந்தது. அந்த ஒரு வருஷமும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றி வாசித்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் வாரம் வந்த கார்டில், அக்காவுக்கு வயிற்றில் கட்டி, பாளையங்கோட்டையில் காட்டினோம், கைவிரித்துவிட்டார்கள், நம்பியை ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறாள் என்று எழுதியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை எங்களுக்குக் கால் இறுதி ஆட்டம். அவனை எதிரில் உட்காரவைத்து, "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது நன்றாக இருக்கிறாள், நீ விளையாட்டில் கவனமாக இரு என்கிறாள்" என்று வாசித்தேன்.

முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. வாய் தானாக வாசித்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில் அதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. இவன் போய் நின்றால் கட்டி கரைந்துவிடுமா? தாதரில் மெட்ராஸ் மெயில் ஏறினால் ஊர் போய்ச் சேர மூன்று நாள், திரும்ப மூன்று நாள். நடுவில் அழுகை. திரும்பி வருபவன் பழைய மாதிரி பந்து வீசுவானா என்று யார் சொல்ல முடியும்?

வியாழக்கிழமை ஆறு விக்கெட் எடுத்தான். அன்று சாயந்திரம் அவன் பதில் சொல்ல, நான் எழுத உட்கார்ந்தேன். "அம்மாட்ட சொல்லுங்க அண்ணாச்சி, ஆறு விக்கெட். பேப்பர்ல என் பேர் வந்தா அனுப்பறேன். தபியத்தைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றான். நான், பரீட்சை நெருங்கிவிட்டது, இப்போது வர இயலாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அவன் சொன்னதேதான். எதிர்பார்த்துக் கிடப்பது நோயாளிக்குக் கெடுதல். வரமாட்டான் என்று தெரிந்துவிட்டால் மனது ஒரு நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

பொங்கல் கழித்து இரண்டாவது கார்டு வந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அக்கா தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், பரீட்சையை அடுத்த வருஷம் எழுதக்கூடாதா என்று கேட்கிறாள் என்று பிச்சையா எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து அவருக்கு. அதை நான், ஊரில் நல்ல மழை, ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று வாசித்தேன். எத்தனை குட்டி என்று கேட்டான். இரண்டு என்றேன். அரை இறுதியிலும் ஜெயித்தோம்.

மூன்றாவது கார்டு பிப்ரவரி ஐந்தாம் தேதி வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது மூன்று நாளும் இறுதி ஆட்டம். தபால் கட்டைப் பிரிக்கும்போதே பார்த்துவிட்டேன். நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. உங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டுதானே சார். வாசித்த பிறகு கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.

முப்பத்தோராம் தேதி காலையில் அக்கா இறந்துவிட்டாள், முந்தின கார்டைப் பார்த்துப் பிள்ளை கிளம்பியிருப்பான், கொள்ளி வைக்க வந்துவிடுவான் என்று மறுநாள் மத்தியானம் வரை போட்டு வைத்திருந்தோம், பிறகு நானே வைத்தேன், பதினைந்தாம் தேதி பதினாறாம் நாள் காரியம், அதற்காவது வந்து சேர் என்று இருந்தது. மேஜையில் கத்தரிக்கோல் இருந்தது. மூலைகளை வெட்டிவிடலாம் என்று எடுத்தேன். அதற்குள் அவன் பயிற்சிக்குப் போகிற வழியில் உள்ளே வந்து, கார்டைப் பார்த்துக் கையில் எடுத்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி இது, மூலையெல்லாம் கறுப்பா இருக்கு?"

"மை கொட்டியிருக்கு" என்றேன்.

"மாமாவுக்கு எப்பவும் ஜல்தி" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினான்.

பம்பாயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவன் தகப்பன் செத்தது இங்கே, செய்தி சொன்னது வாய்மொழியில். அப்படி ஒரு கார்டை அவன் கண்டதே இல்லை. நான் வாசித்தேன். அம்மா நன்றாகத் தேறிவிட்டாள், இறுதி ஆட்டத்தில் நீ ஜெயிக்க வேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறாள், காரியம் முடிந்ததும் வந்தால் போதும் என்கிறாள். காரியம் என்ற வார்த்தை கார்டில் இருந்ததுதான். அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அவன் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். கிழிக்க வேண்டியதை எப்படிக் கேட்டு வாங்குவது? அது ஒன்றுதான் நான் செய்த பிழை.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் தலை முழுகினேன். இந்த வேளையில் என்ன குளியல் என்று கோமதி கேட்டாள். மைதானத்துப் புழுதி என்றேன்.

இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, நீங்களும் பந்தலில் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அவன் எடுத்த ஏழு விக்கெட்டைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினீர்கள். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அவன் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுக்கொண்டதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் கவனித்தேன். கேடயத்தை நீங்கள் என் கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்பதாம் தேதி ராத்திரியே ரயில் ஏற்றியிருந்தால் பன்னிரண்டாம் தேதி போய்ச் சேர்ந்திருப்பான், பதினாறாம் நாளுக்கு இருந்திருப்பான் என்று நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள். நானும் பார்த்தேன். அன்றே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் மைதானத்திலேயே வந்து சொன்னார்கள், பதினாறாம் தேதி யுனிவர்சிட்டி அணிக்குத் தேர்வு என்று. தாராவிப் பையன் ஒருவன் யுனிவர்சிட்டி அணியில் ஆடுவது சின்ன விஷயமா? பெற்றவள் இருந்தால் அதைத்தானே விரும்பியிருப்பாள்? ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பதிமூன்றாம் தேதி அவன் முப்பிடாதியம்மாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாராவிக்குப் போனான். அந்த அம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவன் சோறு தின்னக் குனிந்தபோது பையிலிருந்து கார்டு கீழே விழுந்திருக்கிறது. அவள் கையில்கூட எடுக்கவில்லையாம்.

"ஏலே, இது சாவுக் கடுதாசில்லா. இதையா நெஞ்சுல வச்சிக்கிட்டு அலையுத?" என்று கேட்டிருக்கிறாள்.

அவளையும் அழைத்துக்கொண்டு சாயந்திரம் ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். நான் ஈஸிசேரில் இருந்தேன். அவன் கோபப்படவில்லை. கார்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். முன்பு வாசித்தது எப்படியோ அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல். தேறிவிட்டாள், நேர்ந்திருக்கிறாள், வந்தால் போதும் என்கிறாள். எனக்கு ஞாபகசக்தி எப்போதுமே உண்டு. கேட்கக் கேட்க அவன் முகம் தெளிந்தது. பார்த்தீர்களா பெரியம்மா என்கிற மாதிரி முப்பிடாதியம்மாள் பக்கம் திரும்பினான். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுப்படியிலிருந்து கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்து கார்டை வாங்கினாள். அவள் அஞ்சாம் வகுப்புவரைதான் படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அதனால் நேரம் அதிகம் ஆயிற்று. மறுநாள் மத்தியானம் வரை போட்டு வைத்திருந்தோம் என்ற இடத்தில் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ஆட்டுக்குட்டி?"

அன்று ராத்திரி மெயிலில் போனான். பதினாறாம் தேதி போய்ச் சேர்ந்திருப்பான். காரியம் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். அவன் ரயில் ஏறிய மறுநாள் கோமதியும் தேவ்நாரில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவாள். முப்பிடாதியம்மாள் கல்லூரி வராந்தாவில் வந்து நின்று பேசியதை நீங்களே கேட்டீர்கள்.

நான் எதையும் மறைக்கவில்லை. மூன்று கார்டையும் மாற்றி வாசித்தவன் நான். பதில்களை மாற்றி எழுதியவனும் நான். மகனுக்குத் தன்னைவிடப் பரீட்சை பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தபடி அந்த அம்மாள் செத்தாள் என்றால், அதற்கும் நானே காரணம். நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். கிரிக்கெட் செக்ரட்டரி பொறுப்பை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். பையனுக்கு என்னிடம்தான் பழக்கம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்று காலைத் தபாலில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. என் பெயரும் செம்பூர் விலாசமும் இங்கிலீஷில், அவன் கையெழுத்திலேயே. பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. தமிழ் எழுத வராதவன், வேறு என்ன எழுதுவான்? விலாசத்தை மறக்காமல் போட்டிருக்கிறான் பாருங்கள், அதுவே போதும். நான்கு மூலையிலும் கறுப்பாக இருக்கிறது. அவனும் மாமனைப் போல அவசரக்காரன்தான், மை கொட்டியிருக்கிறது.

கார்டைப் பார்த்துவிட்டு, தலை முழுகி வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். செம்பூரில் இப்போது வெயில் அதிகம். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது நம்பி வந்துவிடுவான். எனவே மலரில் வழக்கம்போலவே போட்டுக்கொள்ளுங்கள்: வரும் சீசனில் நம் அணிக்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.