கை வைத்தவளுக்குப் பங்கு

இரவு பத்தரை மணி. கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரிலிருந்து மேற்கே கடலுக்குப் போகிற தெரு. எண்பத்தாறாம் ஆண்டு செப்டெம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பக்கமும் பைன் மரம்… ஒரு விளக்குக்கூட இல்லை. அந்தத் தெருவில் ஒரே ஒரு கார். அதற்குள் இரண்டு பேர், இரண்டு தூண்டில் தடி, ஒரு கூடாரம், மூடி போட்ட ஒரு வாளி. வாளிக்குள் பன்றி இரத்தம்.

கிட்ட வந்து இருங்கள். இது என் சிநேகிதி தேவமலரின் சின்னம்மா மகன் இன்பநாதனுக்கு நடந்தது. தேவமலர் இதைப் பற்றிக் கதைக்கமாட்டாள். கேட்டால் எழும்பிப் போய்விடுவாள்.

காரை ஓட்டியது நீக்கிலாஸ். ஊரில், குருநகர் மீன்பிடிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். இன்பநாதனும் அவரும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் இயந்திரம் கழுவினார்கள். இரத்தம் அங்கே எடுத்ததுதான். கடலில் ஊற்றினால் சுறா கரைக்கு வரும் என்று நீக்கிலாஸ் சொல்லியிருந்தார்.

சுறா எதற்கு என்று கேட்கிறீர்களா?

இன்பநாதனின் மனைவி கிறேசுக்குப் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். பால் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. மாப்பால் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை அப்படியே கக்கியது. மாவை மாற்றினார்கள். அதையும் கக்கியது. பிறந்தபோது மூவாயிரத்து நூறு கிராம். முதல்நாள் வியாழக்கிழமை, தாதி வீட்டுக்கு வந்து நிறுத்தபோது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. திங்கட்கிழமை திரும்ப நிறுப்பாள். இன்னும் இறங்கியிருந்தால் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போனால் திருப்பித் தரமாட்டார்கள் என்று அகதி முகாமில் ஒரு கதை இருந்தது. உண்மையோ பொய்யோ… கிறேஸ் அதை நம்பினாள். பிள்ளையை இறக்கி வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஊரில் என்றால் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பார்கள். பால் சுரக்கும். இங்கே மீன்கடையில் சுறா இல்லை. இன்பநாதன் துறைமுகத்திலும் கேட்டான். கையை விரித்தார்கள். கடைசியில் வேலைத்தலத்து டேனிஷ்காரர் ஒருவர் தூண்டில் தடிகளைக் கொடுத்து, சுறா வருகிற கரையைக் கடதாசியில் கீறியும் கொடுத்தார்.

"அந்தாள் சொன்ன இடம் இதுதானோ?" என்றார் நீக்கிலாஸ். "விளங்கிக் கேட்டனியோ, இல்லாட்டி யா எண்டிட்டு வந்தனியோ?"

"விளங்கினது அண்ணை."

"யா எண்டு சொல்லித்தானே பல் டொக்டரிட்ட நல்ல பல்லைக் குடுத்திட்டு வந்தனீ."

இன்பநாதன் சிரித்தான். உண்மைதான். இந்த நாட்டில் அவன் முதலில் பிடித்துக்கொண்ட சொல் அதுதான். ஆம் என்று அர்த்தம். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். யா என்றால் விட்டுவிடுவார்கள். ஆகவே யார் எதைக் கேட்டாலும் அவன் யா என்றான்.

கரையில் ஆள் இல்லை. சண்டைக்காலத்தில் ஜெர்மன்காரன் கட்டிய கொங்கிறீட் பங்கர் ஒன்று மணலுக்குள் சரிந்து கிடந்தது. அதன் மறைப்பில் கூடாரம் அடித்தார்கள். இரத்தத்தில் பாதியை அலைக்குள் ஊற்றினார்கள். மக்ரேல் மீன் துண்டுகளைத் தூண்டிலில் கொளுவி, ஈயத்தோடு வீசிவிட்டுக் காத்திருந்தார்கள்.

வெள்ளி இரவு முழுக்க… ஒன்றும் இல்லை. இரண்டு நண்டும் கொஞ்சம் பாசியும்.

சனி பகல் முழுக்கக் காற்று. பின்னேரம் ஏதோ ஒன்று பலமாக இழுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். தங்கூசி அறுந்து, அந்த நைலோன் நரம்பு நீக்கிலாஸின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணியால் சுற்றிக்கொண்டே பகிடி விட்டார்.

"பிடிபட்டிருந்தா எனக்கும் பாதி தந்திருக்கோணும். எங்கட கரையில கயித்தில கை வைச்ச ஆளுக்குப் பங்கு. ஆரெண்டு கேட்கக்கூடாது. குடுக்காட்டி வீடு தேடி வருவாங்கள்."

"எனக்கு ஒரு துண்டு போதும் அண்ணை. ஒரு சட்டிக்குக் காணும்."

பகிடிக்கு அவன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைக்கு முன் மீன் பிடிக்க இன்னும் ஒரே ஒரு இரவுதான் இருந்தது.

இரண்டு மணிக்கு நீக்கிலாஸ் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். கை வீங்கிக் காய்ச்சலும் தொடங்கியிருந்தது. இன்பநாதன் தனியாக நின்றான். குளிருக்குக் கழுத்தில் ஒரு துவாய்த்துண்டைச் சுற்றியிருந்தான். பிள்ளை கக்குவதைத் துடைக்கிற துண்டு. அவசரத்தில் வீட்டிலிருந்து அதுதான் கையோடு வந்திருந்தது. மிச்ச இரத்தத்தையும் ஊற்றினான். ஜெபிக்கப் பார்த்தான். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வரவில்லை.

மூன்று பத்து. மணிக்கூட்டைப் பார்த்தது அவனுக்கு நல்ல ஞாபகம்.

தடி வளைந்தது.

தடியில் நரம்பு சுற்றுகிற சில்லு கிறீச்சென்று சுற்றி… இறுகி நின்றுவிட்டது. தடியைப் போட்டுவிட்டுத் தங்கூசியை ஜாக்கெட் கையில் சுற்றிக்கொண்டு வெறும் கையால் இழுத்தான். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் போனது. முழங்கால் வரை அலைக்குள் இறங்கிவிட்டான். விரல்கள் மரத்துப் போயின. விழுந்தான். எழும்பினான். திரும்ப விழுந்தபோது, விடப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை தங்கூசியைப் பிடித்தது.

"இழுங்கோ அண்ணை!" என்று கத்தினான்.

அவன் இழுத்தபோது அதுவும் இழுத்தது. அவன் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. மூச்சுச் சத்தம் இல்லை. ஈரக் கம்பளி மணம் மட்டும்… அதற்குள்ளே புளித்த பால் மணம். துவாய்த்துண்டின் மணம் என்று நினைத்தான்.

மூன்றடிச் சுறா. முதுகில் முள். வெள்ளை வயிறு. மணலில் வந்து விழுந்து வாலால் அடித்தது. அவன் அழுதுகொண்டே அதன் மேல் படுத்துக்கொண்டான். அது அடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

நீக்கிலாஸ் இல்லை.

ஒரு பெண். வெள்ளைக்காரி. கால்வரை கறுப்புக் கம்பளி உடுப்பு. வெறுங்கால். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம் ஊறியிருந்தது. உடம்பு முழுக்க நனைந்த ஆளுக்கு அது எப்படித் தனியாகத் தெரிந்தது என்றால்… அந்த இரண்டு இடத்திலிருந்து மட்டும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

பயத்தில் அவனுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வந்தது. கத்தியை எடுத்து, சுறாவை இரண்டாக வெட்டி, வால்பக்கத்துப் பாதியை நீட்டினான்.

"பங்கு," என்றான், தமிழில்.

அவள் மீனைப் பார்க்கவேயில்லை. கிட்ட வந்தாள். குனிந்து, அவன் கழுத்திலிருந்த துவாய்த்துண்டை மணந்து பார்த்தாள். நெடுநேரம் மணந்தாள். பிறகு நிமிர்ந்து டேனிஷில் ஒன்று கேட்டாள். சின்ன வசனம். கேள்வி என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

"யா," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கடலுக்குள் திரும்பிப் போகவில்லை… அதுதான் அவனுக்குப் பிறகு நித்திரை இல்லாமல் செய்தது. மணல்மேட்டில் ஏறி, அவர்கள் வந்த தெருப்பக்கமாக நடந்து போனாள்.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் இன்பநாதனே வறை செய்தான். அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, உள்ளியும் மிளகும் அள்ளிப் போட்டு வறுத்தான். கிறேஸ் மூன்று தடவை சாப்பிட்டாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். கரையில் கண்டதை அவன் சொல்லவில்லை. அன்றிரவு பிள்ளை அழவில்லை. இரண்டு இரவு விழித்த களைப்பில் அவன் கல் மாதிரித் தூங்கினான்.

திங்கட்கிழமை தாதி நிறுத்தாள். இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்து. வெள்ளிக்கிழமை வந்து திரும்ப நிறுத்தாள். மூவாயிரம். நம்பாமல் தராசு முள்ளைச் சரிபார்த்து இன்னொருமுறை நிறுத்தாள். அதே மூவாயிரம். "நல்ல பால்," என்று கிறேசின் தோளில் தட்டினாள். அவ்வளவு டேனிஷ் கிறேசுக்கு விளங்கியது. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

தாதி போனதும் கேட்டாள். "இஞ்சேருங்கோ, இரவில என்ன மா கரைச்சுக் குடுக்கிறனீங்கள்? எப்படிக் கக்காமல் நிக்குது?"

"நான் ஒண்டும் குடுக்கேல்லை. நீர்தானே எழும்பிப் பால் குடுக்கிறீர்?"

கிறேஸ் சட்டையை விலக்கி, தன் மார்பைப் பிழிந்து காட்டினாள். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் அவன் கரையில் நடந்ததைச் சொன்னான். எல்லாவற்றையும்.

அன்றிரவு இருவரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்தார்கள். அந்த ஊரில் அப்போது யாரும் கதவு பூட்டுவதில்லை. மூன்று பத்துக்கு வாசல்கதவு திறந்தது. தரையில் மணல் நெரிபடுகிற சத்தம். ஈரக் கம்பளி மணம். எழும்பப் பார்த்தான்… கை கால் அசையவில்லை. தொட்டில் பக்கத்தில் பிள்ளை விழுங்குகிற சத்தம் மட்டும். மளக்… மளக்… மளக்… பசி தீர்ந்த பிள்ளையின் பெருமூச்சு. கதவு சாத்துகிற சத்தம்.

சனிக்கிழமை பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் பூட்டினான். அன்றிரவு மூன்று பத்துக்குக் கதவின் கைபிடி மெதுவாகக் கீழே இறங்கியது… மெதுவாக மேலே வந்தது. ஒருமுறைதான். தட்டவில்லை. விடியும்வரை பிள்ளை கத்தியது. காலையில் கதவைத் திறந்தான். கால்மிதியில் பால் தேங்கி நின்றது. வெள்ளையாக… அடியில் மணல்.

ஞாயிறு முழுக்கப் பிள்ளை எதையும் ஏற்கவில்லை. தண்ணீரையும் கக்கியது. பொழுதுபடும்போது அழுகைச் சத்தமும் நின்றுவிட்டது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. இன்பநாதன் தெருவுக்கு ஓடி, கூண்டுக்குள் இருந்த டெலிபோனில் டொக்டரை அழைத்தான். ஒரு குரல் ஏதோ கேட்டது. "யா," என்றான். இன்னொன்று கேட்டது. "யா, யா," என்றான். குரல் ஆறுதலாக எதையோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. காலையில் வரச் சொன்னது போல இருந்தது. கூண்டுக்குள் நின்று தலையைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டான். நீக்கிலாஸ் இரவு வேலை. காலை ஆறு மணிக்குத்தான் காரோடு வருவார்.

ஆறு மணிவரை தாங்குமா?

ஒரு மணி. இரண்டு மணி. இன்பநாதன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பாரமே இல்லை. கிறேஸ் பைபிளை மடியில் வைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

மூன்று பத்து. வெளியே சல்லிக்கல்லில் காலடி… நின்றது. கைபிடி இறங்கியது. இறங்கியபடியே நின்றது.

"திறவுங்கோ," என்றாள் கிறேஸ்.

"உமக்கென்ன விசரோ? அது ஆரெண்டு தெரியுமா?"

"பால் இருக்கிறவள்."

"அவள் என்னட்டக் கேட்டது என்னெண்டே எனக்குத் தெரியாது, கிறேஸ். பங்கு வாங்காமல் போனவள்…"

"நான் பெத்த பிள்ளை. நான்தான் சொல்லுறன்." அவள் அழவில்லை. "திறவுங்கோ."

அவன் பூட்டில் திறப்பைப் போட்டான். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் திரும்பியது. கதவைத் திறந்தான். குளிர்காற்று, கம்பளி மணம்… வெளியே இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்குப் பிள்ளைக்கு இருபத்தொன்பது நாள். கழுத்து நிற்காத வயது. கை நீட்டத் தெரியாத வயது.

தோளில் துவண்டு கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி வாசல்பக்கம் திருப்பியது. தகப்பனுக்கு அப்பால், அந்த இருட்டைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டியது.