எல்லாரும் உள்ளுக்கோ?

லைட்டை அணைத்தாயிற்று. இனி ஒருவரும் பால்கனிப் பக்கம் எழும்பிப் போகக் கூடாது. இது நம்ம கிறிகோரியின் மச்சான் கொன்ஸ்ரன்ரைனுக்கு நடந்தது.

தொண்ணூற்று நாலு, ஜூலை. இரவு பதினொன்று தாண்டியிருக்கும். சாந்தா றொசாலியா மாதாவின் திருநாள், இத்தாலியின் பலெர்மோ நகரம் முழுக்க வாணவேடிக்கை பார்க்கக் கடற்கரையில். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் ஒரு நாய்கூட இல்லை… அங்கே நாலாம் மாடியில், தொண்ணூற்றேழு வயதுக் கிழவர் கயத்தானோவைப் பார்த்துக்கொள்வதுதான் கொன்ஸ்ரன்ரைனுக்கு வேலை.

கிழவர் முதலாம் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்தவர். அவரிடம் வேறு கதை இல்லை. ஓர் இரவு ஒதுங்கத்தான் தோண்டினார்களாம். எதிரியும் தோண்டினான். இரண்டு பக்கமும் மெசின்கன். தலை நிமிர்த்தியவன் இல்லை. குழியை நீட்டிக்கொண்டே போனார்கள்… இரண்டு மாரி அதற்குள்ளேயே. முழங்கால் தண்ணீர், பேன், எலி, மண்சுவரில் செத்தவனின் கை.

கொன்ஸ்ரன்ரைனுக்கு அது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டு வளவிலும் அப்படியொரு பங்கர் இருந்தது. குண்டு விழுந்த ஒருநாள் தம்பி பிறின்ஸ், செருப்புக்கூடப் போடாமல், ஆட்டை அவிழ்க்க ஓடினான். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா கொழும்புக்கு இடம்பெயர்ந்தபோதும் அந்தச் செருப்பைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார். வருவான் என்பார். செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்தும பூசையை அவனுக்கு வைக்க விடமாட்டார். கொன்ஸ்ரன்ரைனும் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

முதல் வாணம் வெடித்தது. டும்… கண்ணாடி அதிர்ந்தது.

கொன்ஸ்ரன்ரைன் யோசிக்கவேயில்லை. கிழவரைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்தார். மேசைத்துணி நிலம்வரை. இருட்டு. பிறகு… ஈரமண் மணம். நாலாம் மாடியில்.

பங்கர் வழக்கம் ஒன்று உண்டு. கடைசியாக இறங்குபவர் கேட்க, உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும். வாய்ப்பழக்கம், கேட்டுவிட்டார்.

"எல்லாரும் உள்ளுக்கோ?"

"பிரெசெந்தே." இருக்கிறேன் என்று, இத்தாலியனில். கிழவரின் குரல் அல்ல. பிறகு இன்னொன்று. இன்னொன்று… மேசையின் நீளத்தையும் தாண்டி, தூரத் தூரப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக,

"ஓம் அண்ணை."

கிழவர் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். "கடைசிப் பையன் வெறுங்காலோடு நிற்கிறான், பாவம்," என்றார்.

கொன்ஸ்ரன்ரைனுக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போய் விடியும்வரை அப்படியே கிடந்தார்.

ஞாயிறன்று கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். பூசை வைப்போம் என்று சொல்லத்தான். அம்மா முந்திக்கொண்டார்.

"திருநாள் ராத்திரி தம்பி வந்திட்டுப் போயிருக்கிறான்ரா! வாசலிலை செருப்பைக் காணேல்லை… ஒரு பிடி ஈரமண்தான் கிடக்கு."

"ஓம் அம்மா," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.