கத்தி புதுசு, கட்டையும் புதுசு

— தேன் கூடாதா? தேனீயை நான் வெட்டவா போறேன்?

— வெட்ட வேண்டாம்ப்பா. அது உழைச்சு சேர்த்து வெச்சதை நாம எடுக்கக் கூடாது. பால், தயிர், நெய், தேன், எதுவும் ஆகாது. அவர் வீகன்.

— இருபத்திரண்டு வருஷமா கறிக்கடை வெச்சிருக்கேன். எனக்குன்னு தேடிப் பிடிச்சியே ஒரு மருமகனை!

— நீங்க இன்னும் சரின்னே சொல்லல. அதுக்குள்ள மருமகனா?

— வாய் தவறிடுச்சு. அந்தப் பழத்தை எடு. என்னம்மா இது, கருங்கல்லாட்டம் இருக்கு?

— வாழைப்பழம்தான். நேத்தே உரிச்சு ஃப்ரீசர்ல வெச்சேன். உறைஞ்ச பழத்தை அரைச்சாத்தான் ஸ்மூதி கெட்டியா வரும். கூடவே ஸ்ட்ராபெரி.

— எவ்வளவு?

— ரெண்டு பழம்.

— ரெண்டுன்னா? எடையைச் சொல்லு.

— அப்பா, தராசைக் கீழ வைங்க.

— முந்நூத்திப் பத்து கிராம். பத்து கிராம் கூட இருக்கட்டும், வீட்டுக்கு வர்ற பையன். சரி, இதைக் குடிக்கிறதா, சாப்பிடறதா?

— கிண்ணத்துல ஊத்தி அள்ளிச் சாப்பிடறது. ஸ்பூன் நட்டுக்கிட்டு நிக்கணும். பாதாம் பால் கொஞ்சமா ஊத்துங்க. போதும், போதும்! மிக்ஸியைப் போடுங்க.

— பாரு, நிக்குது! சும்மாவா? அப்பன் கை!

— சூப்பர்ப்பா. மேல அடுக்கப் பழம் நறுக்கணும். இருங்க, இது எந்தக் கத்தி? கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா?

— புதுசு. கட்டையும் புதுசு. மிக்ஸி ஜாரை மூணு தடவை வெந்நீர்ல கழுவிட்டேன்.

— யாரு சொன்னா உங்களை இதெல்லாம் பண்ணச் சொல்லி?

— ஏன், யாராவது சொல்லணுமா? ஏய், அழாத. கிண்ணத்துல விழுந்தா அதுவும் அவனுக்கு ஆகாது.

— சிரிக்க வைக்காதீங்க, அடுக்குங்க. ஐயோ அப்பா, என்ன அழகா சாய்வா நறுக்குறீங்க! ஆனா ஏன் கடை ஷோகேஸ் மாதிரியே வரிசை கட்டுறீங்க?

— எனக்குத் தெரிஞ்ச அழகு அதான். அந்தப் பூசணி விதையை ஓரமாத் தூவு. கேக்குறேன், மறைக்காம சொல்லு. என் கையால செஞ்சதை அவன் சாப்பிடுவானா?

— ஏன் சாப்பிட மாட்டார்?

— கடையைப் பாத்திருக்கான்ல? சாப்பிட்டான்னா எனக்கு சந்தோஷம், இன்னைக்கே சரி சொல்லிடுவேன். தொடாம எழுந்தான்னா, என் தொழிலைக் கண்டாலே அவனுக்குக் குமட்டுதுன்னு அர்த்தம். அப்படிப்பட்டவனுக்கு உன்னை எப்படிக் குடுப்பேன்?

— அவர் அப்படி இல்லப்பா.

— எட்டு மணின்னான். மணி எட்டேகால். கிண்ணம் உருகுது.

— வந்துடுவார். கீழ கடை வாசல்ல என்ன ஒரே சத்தம்?

— ஞாயித்துக்கிழமைல்ல? கூட்டம் சேர்ந்திருக்கும். எட்டரைக்குத் திறக்கும்னு சிலேட்ல எழுதி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்திருக்கேன். திட்டிட்டு நிக்கட்டும். உன் ஆளுதான் அதைத் தாண்டி மாடிக்கு வரணும். வாசல்ல தொங்கறதைப் பாத்துட்டு வந்த வழியே திரும்பியிருப்பான்.

— இருங்க, அவர்தான் கூப்பிடறார். ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ, எங்க இருக்கீங்க? அப்பா பக்கத்துலதான் இருக்கார்.

— வந்து இருபது நிமிஷமாச்சு, மாமா. கீழ ஷட்டருக்கு உள்ளதான் நிக்கிறேன். பதினோரு பேரையும் வரிசைல நிறுத்திட்டேன், ஆனா முதல் ஆள் அரைக் கிலோ ஈரல் இல்லாம நகர மாட்டேங்கறார். இடது பக்கத் தட்டா, வலது பக்கத் தட்டான்னு மட்டும் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டே எடுத்துக் குடுத்துடறேன்.