வாடகைத் தொண்டை

— கதவைச் சாத்து, ரெமி. கீழ வீடு மாத்துறவன் ஃப்ரிட்ஜை உருட்டுற சத்தத்துல நீ கெஞ்சுறது சரியாக் கேக்கல.

— நான் கெஞ்சல, ஓடில். நியாயத்தைப் பேசுறேன், அவ்வளவுதான்.

— சரி, அந்த நியாயத்தையே இன்னொரு தடவை பேசு. முதல்லேர்ந்து. கேக்கக் கேக்கக் குளிர்ச்சியா இருக்கு.

— விளையாடாத. காலையில வக்கீல் போன் பண்ணாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம், லோங்கேய்ல, யுகெட் பூலியான்னு ஒரு அம்மா இருக்காங்களாம், வழக்குப் போடுறாங்களாம். எண்பத்துநாலுல ஷிகூத்திமியில, வீட்டு கராஜ்ல சிந்தசைஸரை வச்சுக்கிட்டுத் தனியாவே பாடி ஒரு கேசட் போட்டாங்களாம். அதுல ஒரு மெட்டு, நம்ம பாட்டோட பல்லவி. அப்படியே அச்சு.

— நம்ம பாட்டு.

— என்ன?

— ஒண்ணுமில்ல. ‘கரண்ட் போன வீடு’ பனி உருகுறப்ப வெளியாச்சு. இன்னிக்கு ஜூலை ஒண்ணு, மோன்ட்ரியாலே மூட்டை கட்டிட்டு வீடு மாத்துது. இத்தனை நாள்ல ஒரு பேட்டியில, ஒரு மேடையில, ‘என் பாட்டு’ங்கறதைத் தவிர வேற எதாவது உன் வாயில வந்துச்சா? வக்கீல் போன் வந்ததும் நம்ம பாட்டாயிடுச்சு.

— பாரு ஓடில், அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல?

— இருக்கு. உன் பேரு நெத்தியில, என் பேரு கால் சுண்டுவிரல்ல.

— அது கம்பெனிக்காரன் வரைஞ்சது. என்னை ஏன் இழுக்கிற? தங்கமே, சண்டை போட இப்ப நேரமில்ல. சாயங்காலம் வானொலியில நேரலை. அதுக்குள்ள விஷயம் வெளிய வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பல்லவி மெட்டை நீ எனக்கு அனுப்பினப்ப, அது எங்கேருந்து வந்துச்சு?

— நான் அனுப்பினேனா? லஷீன் கால்வாய் ஓரமா சைக்கிள்ல போயிட்டிருந்தப்ப, மெட்டு பறந்து வந்து உன் தோள்ல உக்காந்துச்சுன்னு நீதானே சொன்னே. தொலைக்காட்சியில. கண்ணை மூடிக்கிட்டு வேற சொன்னே.

— அது பேட்டிக்குச் சொல்றது. எல்லாரும் அப்படி எதாவது சொல்றதுதான்.

— நான் சொன்னதில்லையே.

— உன்னை யார் கேட்டாங்க?

— அதான். அதேதான் ரெமி. இன்னும் கொஞ்சம் பேசு, எனக்கு வேலை மிச்சம்.

— சரி, வாய் தவறிடுச்சு. விடு. மெட்டு எங்கேருந்து வந்துச்சு?

— ரோஸ்மோன்ல ஒரு சர்ச் நிலவறையில பழைய சாமான் விப்பாங்க. உடைஞ்ச ஸ்கேட்டிங் பூட்ஸுக்கு அடியில கிடந்துச்சு கேசட்டு. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். மூணாவது பாட்டுல ரோமம் நின்னுச்சு.

— அப்ப... தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தியா?

— தெரிஞ்சேதான்.

— அடுத்தவ மெட்டுன்னு தெரிஞ்சே.

— திருப்பித் திருப்பிக் கேட்டா பதில் மாறுமா? நான் கோட் அலமாரிக்குள்ள உக்காந்து, குளிர்காலக் கோட்டுக்கு நடுவுல மைக்கை வச்சுப் பாடி உனக்கு அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டே, ஞாபகம் இருக்கா? ‘இசை’ன்னு யார் பேரைப் போடலாம்னு கேட்டே. உன் பேரு மட்டும் போட்டுக்கோ ராசா, எனக்கு எதுக்குன்னேன். பாதியாவது போட்டுக்கோன்னு ஒரு பேச்சுக்குக் கூட நீ சொல்லல.

— பெருந்தன்மையாச் சொல்றேன்னு நினைச்சேன்.

— நீ நினைப்பே. அதுக்குத்தான் சொன்னேன். திருட்டு மெட்டை உன் பக்கத்துல வச்சுட்டு நான் திரும்பிக்கிட்டேன். வேற எவனா இருந்தாலும், ‘இது எங்க பிடிச்சே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நீ கேக்க மாட்டே. கேட்டா, நீ போட்டதில்லன்னு உனக்கே ஞாபகம் வந்துரும்.

— கிராதகி.

— சொல்லு, நல்லா சொல்லு.

— எதுக்குடி இவ்வளவு? அந்த முதல் பாட்டுக்காகவா? அஞ்சு வருஷம் ஆச்சு, ஓடில்.

— முதல் பாட்டுக்காக இல்ல. நான் போட்ட பாட்டை நீ உன் பேர்ல மட்டும் வெளியிட்டே, அழுதேன், ஆறிடுச்சு. அன்னிக்கு விருந்துல, எல்லார் முன்னாடியும் உன்கிட்ட வந்து கேட்டேன்ல? கையில கிளாஸை வச்சுக்கிட்டு என்ன சொன்னே?

— ஞாபகமில்ல.

— ‘இவ வாடகைத் தொண்டை. தொண்டை ஊர்ல நிறைய கிடைக்கும்’னே. ஊரே சிரிச்சுது. அந்த அறையில இருந்த ஒருத்தனும் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல. மெத்தைக்கடை விளம்பரத்துக்குப் பாடினேன், ரெமி. ‘முதுகுவலி போச்சு, தூக்கம் வந்தாச்சு’ன்னு.

— அது நீயா? நல்லா இருக்குமே அது.

— கடைசியாச் சொல்றேன், சிரிக்காத.

— சிரிக்கல தாயே. பாரு, தப்புத்தான். அதனாலதானே இந்தப் பாட்டுக்கு நானே உன்னைத் தேடி வந்தேன்?

— நீ தேடி வரல. உனக்குப் பல்லவி வரல. தேடி வந்து என்ன பண்ணே? சரணத்தை என் குரல்லயே விட்டே. பல்லவியை எடுத்து, ரெண்டு கட்டை இறக்கி, மேல இன்னொண்ணு ஏத்தி, தகரத்தைத் தேய்ச்ச மாதிரி ஒரு மினுக்கு குடுத்தே. அந்த டொரோன்டோ பத்திரிகைக்காரன் என்ன எழுதினான்? ‘பல்லவியில் ஒலிப்பது மனிதக் குரல் அல்ல. ரெமி தெசோர்மோ தன் இயந்திரத்துக்கு அழக் கற்றுக்கொடுத்துவிட்டார்’னு எழுதினான். நீ அதை வெட்டி உன் இணையப் பக்கத்துல ஒட்டிக்கிட்டே. இது ஓடில் கார்னோ அழுததுன்னு ஒரு வரி போட்டியா?

— அவன் அப்படி நினைச்சுட்டான். அதைப் போய்த் திருத்துவாங்களா?

— ஜன்னலைத் திற.

— இப்பத்தானே சாத்தச் சொன்னே?

— கதவைத்தான் சாத்தச் சொன்னேன். ஜன்னலைத் திற. கேக்குதா?

— லாரியில ரேடியோ. நம்ம பாட்டு.

— சோஃபாவை முதுகுல வச்சுக்கிட்டு ரெண்டு தடியனுங்க நிக்கிறானுங்க பாரு. மூச்சு வாங்குது, ஆனா பல்லவியை விட மாட்டேங்குறானுங்க. போன வாரம் சாந்-ஜான் திருவிழாவுல மைதானம் முழுக்க இதேதான் பாடுச்சு. நான் கூட்டத்துல நின்னேன், கையில பியர் கோப்பையோட. பக்கத்துல ஒரு பொண்ணு என்கிட்டயே சொல்றா, ‘அக்கா, இது மெஷின்தான், தெரியுமா? ஆனா கேட்டா அழுகை வருது’ன்னு. என் குரலை என்கிட்டயே மெஷின்னு சொல்றா.

— நீ என்ன சொன்னே?

— ஆமாம்மான்னேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் லோங்கேய்க்குப் போன் பண்ணேன். பேர் சொல்லல, குரலைக் கட்டையாக்கிக்கிட்டேன். ‘ரேடியோவைத் திருப்புங்கம்மா, உங்க மெட்டை ஒருத்தன் தூக்கிட்டான்’னேன். வச்சுட்டேன்.

— அப்ப நீதான் மூட்டிவிட்டது.

— வேற யாரு?

— சரி. முடிஞ்சுதா? மனசு ஆறிடுச்சா? இப்ப என்ன வேணும் உனக்கு?

— சாயங்காலம் நேரலையில நீ சொல்லணும். பல்லவியில பாடுறது மெஷின் இல்ல, ஓடில் கார்னோ. அந்த முதல் பாட்டும் அவளோடது, நான் எடுத்துக்கிட்டேன். அவளை வாடகைத் தொண்டைன்னு சொன்னது நான்தான். இதை உன் வாயால சொல்லு.

— சொன்னா?

— மெட்டைக் கொண்டு வந்தது நான்னு வக்கீல்கிட்ட நான் சொல்றேன். உன் தலை தப்பும்.

— உன் தலை போகுமே?

— போகட்டும். திருடின்னு எழுதட்டும். ஆனா எழுதறப்ப, அந்தக் குரல் யாருதுன்னும் எழுதியாகணும்ல? அதுக்கப்புறம் அந்தச் சோஃபாக்காரன் பாடுறது என்கூடச் சேர்ந்து பாடுறது. எனக்கு அது போதும். நீ சொல்லாம விட்டேன்னா, ‘லஷீன் கால்வாய்’ பேட்டியையும் கேசட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டுருவேன். ஊர் சிரிக்கும். இந்தத் தடவை என்னைப் பாத்து இல்ல.

— ...சொல்றேன்.

— சத்தமா.

— சொல்றேன்னு சொல்லிட்டேன்ல. நேரலையில சொல்றேன். நீயும் பக்கத்துலயே உக்காரு. ஒருதடவை மெஷின் இல்லாம பல்லவியைப் பாடிக் காட்டு. நம்புவாங்க.

— அடடா. இதை நீ அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நான் உன்னைக் கல்யாணமே பண்ணிட்டிருப்பேன். மணி அடிக்குது பாரு, யாரு?

— அவங்கதான்.

— எவங்க?

— யுகெட் அம்மா. நேர்ல மன்னிப்புக் கேளுன்னு வக்கீல் சொன்னாரு. வரச் சொன்னேன்.

— இங்கயா? முன்னாடியே சொல்ல மாட்டியா நீ? பின்பக்கம் படி இருக்கா?

— ஃப்ரிட்ஜ் அடைச்சுக்கிட்டு நிக்குது. நீ ஏன் பதறுறே? வாங்கம்மா, வாங்க, உள்ள வாங்க. நான்தான் ரெமி.

— போஸ்டர்ல இருக்கற மூஞ்சிதானே, தெரியுது தம்பி. உன் வளைஞ்ச மாடிப்படியில ஒரு மெத்தை குறுக்க நிக்குது. அதுக்கு அடியில குனிஞ்சு வந்தேன். நாற்காலி இருந்தா போடு. மூச்சு வாங்கிக்கிறேன். அட, கண்ணு. நீயும் இங்கதான் இருக்கியா.

— வணக்கம்மா.

— உங்களுக்கு ஓடிலைத் தெரியுமா?

— தெரியாம என்ன? போன இலையுதிர் காலத்துல என் சமையலறையில உக்காந்து நான் சுட்ட சர்க்கரை கேக் ரெண்டு துண்டு சாப்பிட்ட பொண்ணு. பழைய சிந்தசைஸர் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு வந்தா. கராஜ்லேர்ந்து என் மெஷினைத் தூக்கிட்டு வந்து துடைச்சுக் குடுத்ததே இவதான். எவ்வளவு வருஷம் கழிச்சு ஒருத்தர் கேக்குறாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் வாசிச்சேன். விளங்குதா?

— ஓடில், இதை நீ சொல்லவே இல்லையே.

— நீ சும்மா இரு. அம்மா, நான் உங்களுக்கு விளக்கமாச் சொல்றேன். இவன் உங்க மெட்டைத் தன் மெட்டுன்னு...

— அதைப் போன்ல ஏற்கனவே சொல்லிட்டியேம்மா. கட்டைக் குரல்ல. நாப்பது வருஷமா குரலைத் திரிச்சுத் திரிச்சுப் பாக்கறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. என்கிட்டப் போய் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா எப்படி?

— அப்பவே தெரிஞ்சுதா?

— உன் குரல்தான்னு அப்பவே தெரிஞ்சுது. ஏன்னு தெரியல. அப்புறம் ரேடியோவைத் திருப்பினேன். தம்பி, உன் பாட்டுல பல்லவிக்கு முன்னாடி மெட்டு ஒரு படி ஏறி, இறங்க மாட்டேன்னு அங்கயே நிக்குதே, அந்த இடத்தைப் போடு.

— இதோ. இதுதானே?

— இதேதான். இது கேசட்ல கிடையாது.

— கேசட்ல இல்லையா?

— கேசட்ல நேரா இறங்கிரும். அன்னிக்கு சமையலறையில, இவ எதிர்ல வாசிக்கறப்ப, கை தானா மேல போச்சு. இத்தனை வருஷத்துல அந்த மெட்டு எனக்கு முதல் தடவையா முழுசாச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவளும் அழுதா. அதைக் கேட்டது நாங்க ரெண்டு பேரு மட்டும்தான்.

— கேசட்லேர்ந்து எடுத்தேன்னு இப்பத்தான் என்கிட்ட சொன்னா. நான் அப்பாவிம்மா.

— நீ அப்பாவின்னா கால்வாய்ல போன சைக்கிள் யாருது? வாயை மூடு தம்பி.

— அம்மா, இவன் எனக்குப் பண்ணதுக்கு... உங்களுக்கும் நியாயம் கிடைக்கும்னுதான் நான் போன் பண்ணேன். உங்க பேரு வெளிய வரும்ல?

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, கண்ணு?

— இல்ல.

— கேட்டிருந்தா குடுத்திருப்பேன். சும்மாவே குடுத்திருப்பேன். கூட உக்காந்து பாடியும் குடுத்திருப்பேன். நீ இவனை அடிக்கக் கல்லு தேடி வந்தே. என் கராஜ்ல ஒண்ணு கிடைச்சுது.

— அம்மா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. பாட்டை எடுத்துடணுமா? இப்பவே எடுத்துடறேன்.

— எதுக்கு எடுக்கணும்? நல்லா இருக்கு. அந்த முரசு கொஞ்சம் சத்தம், மத்தபடி கைநேர்த்தியாத்தான் செஞ்சிருக்கே. இசைன்னு என் பேரைப் போடு. சாயங்காலம் வானொலிக்கு நானும் வர்றேன். வழக்கை விட்டுடறேன்.

— அவ்வளவுதானா?

— இன்னும் ஒண்ணு இருக்கு.

— அம்மா, பல்லவிக் குரல் என்னுதுன்னு சாயங்காலம் சொல்றதா ரெமி ஒத்துக்கிட்டிருக்கான். அதை மட்டும் தடுக்காதீங்க. வேற எதுவும் எனக்கு வேணாம். என்னைத் திருடின்னே சொல்லுங்க, மேடையிலயே சொல்லுங்க. அந்தக் குரல் மெஷின் இல்ல, நான்தான்னு ஊருக்குத் தெரியணும்.

— தெரியும் கண்ணு. அந்தக் குரல்லதான் எனக்குப் போன் வந்துச்சு. தம்பி, வெளியான பாட்டைக் கூட இப்பல்லாம் உள்ள மாத்தி ஏத்திரலாமாமே?

— ஏத்தலாம். ராத்திரிக்குள்ள எல்லா இடத்துலயும் மாறிடும். என்ன மாத்தணும்?

— பல்லவியில இவ இருக்கற இடத்தை மொத்தமாத் துடைச்சு எடு. மைக்கைப் போடு, நான் பாடுறேன்.